அடுத்த பயிற்சியாளர் யார்? பெயருக்கு முன்னால் வீரர் பட்டியலைப் பாருங்கள்

பெரிய கால்பந்து கிளப் ஒன்று தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் போதும், அடுத்த பயிற்சியாளர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். யார் எத்தனை கோப்பை வாங்கினார், யார் நம் கிளப்பில் முன்பு ஆடியவர், யாருடைய அணி பார்க்க அழகாக ஆடுகிறது என்று பெயர் பெயராக அலசுவார்கள். அந்த அலசலில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்: இவர் வந்தால், இப்போது கிளப்பில் இருக்கும் இருபத்தைந்து வீரர்களில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும், எத்தனை பேரை மாற்ற வேண்டிவரும்? பயிற்சியாளர் மாற்றத்தின் உண்மையான விலை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கும் சம்பளம் அதன் பக்கத்தில் சிறுதொகை.

2024-இல் லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெடும் ஆறு மாத இடைவெளியில் புதிய பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தன. போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் லிஸ்பன் பயிற்சியாளர் ரூபன் அமோரிமின் பெயர் இரண்டு இடத்திலும் அடிபட்டது. முடிவுகள் மட்டும் எதிரெதிர் திசையில் போயின. இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

லிவர்பூல்: மூன்று பெயர்கள், ஒரே வீரர் பட்டியல்

யுர்கன் க்ளாப் அந்த சீசன் முடிவில் விலகப்போவதாக 2024 ஜனவரி 26 அன்று அறிவித்தார். இதுவே லிவர்பூலுக்குக் கிடைத்த முதல் அனுகூலம். மே மாதம் வரை தேடலாம், யாரையும் பாதியில் பிடுங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. மார்ச்சில் மைக்கேல் எட்வர்ட்ஸ் உரிமையாளர்களின் கால்பந்துத் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பினார். போர்ன்மவுத்திலிருந்து ரிச்சர்ட் ஹ்யூஸ் வீரர் வாங்கலைக் கவனிக்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டராக வர ஒப்புக்கொண்டார். பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆட்கள் முதலில், பயிற்சியாளர் பிறகு. இந்த வரிசை முக்கியம்.

ரசிகர்களின் முதல் தேர்வு சபி அலோன்சோ. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2004 முதல் 2009 வரை லிவர்பூலில் ஆடியவர், 2005 இஸ்தான்புல் இறுதிப் போட்டியில் 3-3 என்று சமன் செய்த கோலை அடித்தவர். 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் லீக் பட்டியலின் கடைசிக்கு ஒரு படி மேலே கிடந்தபோது பொறுப்பேற்று, 2023-24 ஜெர்மன் லீக்கான பூண்டஸ்லிகாவை ஒரு தோல்விகூட இல்லாமல் வென்று கொடுத்தார். ஆனால் அவருடைய லெவர்குசன் ஆடிய முறை 3-4-2-1 (பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பேர் என்ற கணக்கு). மூன்று சென்டர்-பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காப்பவர்கள்), இரு ஓரங்களிலும் கிரிமால்டோ, ஃபிரிம்போங் போன்று கோல் எல்லை வரை ஓடும் விங்-பேக்குகள், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் உள்பக்கமாக இரண்டு பேர்.

இந்த வடிவத்தில் அன்றைய லிவர்பூல் வீரர்களை நிறுத்திப் பார்ப்போம். பின்வரிசையில் சிக்கல் அதிகமில்லை. வான் டைக், கோனாட்டே இருக்கிறார்கள், மூன்றாமவராக கோமஸ் அல்லது குவான்சா. ஓரங்களில் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் ராபர்ட்சனும் ஓரளவு பொருந்துவார்கள். நடுக்களத்தில்தான் இடிக்கிறது. மக்கலிஸ்டர், சோபோஸ்லாய், ஜோன்ஸ், கிராவன்பெர்க், எண்டோ என்று ஐந்து பேர், இருப்பதோ இரண்டு இடம். இவர்களில் நான்கு பேரை க்ளாப் முந்தைய கோடையில் ஒரேயடியாக வாங்கியிருந்தார். முன்வரிசையில் சலா, டியாஸ், காக்போ மூவரும் ஓரத்திலிருந்து பழகியவர்கள். சலாவின் வேலையே வலது கோட்டருகில் நின்று பந்தை வாங்கி இடது காலுக்கு வெட்டி உள்ளே வருவது. அந்த ஓரத்தை விங்-பேக்கிடம் கொடுத்துவிட்டால் சலா எங்கே நிற்பார்?

அமோரிமுக்கும் இதே கணக்குத்தான். ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 2020-21-இல் 19 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், 2023-24-இல் இரண்டாவதும் வாங்கினார். நல்ல பயிற்சியாளர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 3-4-3 அவருக்கு ஒரு விருப்பம் மட்டும் அல்ல, அவருடைய மொத்தப் பயிற்சி முறையும் அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

ஆர்னே ஸ்லாட் பெயர் வந்தபோது பலருக்கு உற்சாகம் இல்லை. நெதர்லாந்தின் ஃபெயனூர்டுக்கு 2022-23 லீக் பட்டம், 2024-இல் டச்சுக் கோப்பை, 2022-இல் கான்ஃபரன்ஸ் லீக் இறுதிப் போட்டி வரை வந்து ரோமாவிடம் தோல்வி. டச்சு லீக்கின் தரத்தைப் பற்றிய தயக்கமும் சேர்ந்துகொண்டது. ஃபிராங்க் டி போயர் அயாக்ஸுடன் தொடர்ந்து நான்கு பட்டம் வென்றவர். 2017-இல் கிரிஸ்டல் பேலஸில் நான்கு லீக் ஆட்டம், நான்கு தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, 77 நாளில் வேலை போயிற்று. இந்த உதாரணத்தை எடுத்துக்கொண்டு டச்சுப் பயிற்சியாளர்கள் இங்கிலாந்தில் தேற மாட்டார்கள் என்று சொல்வது எளிது. ஆனால் டி போயர் அங்கே செய்தது என்ன? பின்னால் நால்வரோடு ஆடிப் பழகிய பேலஸ் வீரர்களை மூன்று சென்டர்-பேக் முறைக்குள் தள்ளினார். பிரச்சினை நாட்டில் இல்லை, பொருத்தத்தில் இருந்தது.

ஸ்லாட்டின் ஃபெயனூர்ட் பின்னால் நான்கு பேர், உயரமான டிஃபென்ஸ் கோடு, பந்து போன உடனே மேலே ஏறி அழுத்துவது என்று ஆடியது. க்ளாபின் அணி ஏற்கெனவே செய்துகொண்டிருந்த காரியங்கள் இவை. மேற்சொன்ன வீரர்களில் ஒருவருக்குக்கூட தொழில் மாற வேண்டியதில்லை. ஏறக்குறைய 90 லட்சம் யூரோவும் கூடுதல் நிபந்தனைத் தொகையும் கொடுத்து அவரை ஃபெயனூர்டிலிருந்து எடுத்தார்கள்.

அந்தக் கோடையில் உடனே ஆடுவதற்கென்று லிவர்பூல் வாங்கியது கியேசா ஒருவரைத்தான். நடுக்களத்துக்குக் கேட்ட சுபிமெண்டி வர மறுத்ததும், ஸ்லாட் ஏற்கெனவே இருந்த கிராவன்பெர்க்கை டிஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தினார். இதுவே அவர் செய்த மிகப் பெரிய மாற்றம். 84 புள்ளி, நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே 2025 ஏப்ரல் 27 அன்று பட்டம். சலாவுக்கு லீக்கில் 29 கோல், 18 அசிஸ்ட், அதே வலது ஓரத்திலிருந்து.

யுனைடெட்: நல்ல பயிற்சியாளர், தவறான மாதம், பொருந்தாத பட்டியல்

யுனைடெடின் கதை கோடையிலேயே தொடங்குகிறது. 2024 மே 25 அன்று எரிக் டென் ஹாக் எஃப்ஏ கோப்பையை வென்றார், ஆனால் லீக்கில் எட்டாம் இடம். நிர்வாகம் வேறு சிலரிடம் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருக்கே ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. டி லிஃக்ட், மஸ்ராவி, உகார்டே, சிர்க்ஸி, யோரோ என்று பெரும் செலவில் வீரர்களையும் வாங்கியது. பிறகு ஒன்பது லீக் ஆட்டம் முடிந்து, அக்டோபர் 28 அன்று அனுப்பிவிட்டது. இருக்கும் எல்லாத் தேர்வுகளிலும் இதுவே அதிக விலை பிடிப்பது: பழையவருக்காக வாங்கிய வீரர்கள் புதியவர் கையில், வீரர் வாங்கும் சந்தை மூடியிருக்கிறது, கோடைப் பயிற்சி முடிந்துவிட்டது.

அந்த நேரத்தில் முடிவெடுத்தவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. டென் ஹாக்கை வைத்துக்கொள்வது, உதவிப் பயிற்சியாளராக இருந்த ரூட் வான் நிஸ்டல்ரூயை சீசன் முடியும்வரை இடைக்காலமாக வைப்பது, வேலையில் இல்லாத அனுபவசாலி ஒருவரைப் பிடிப்பது, அமோரிமை உடனே வாங்குவது. அமோரிம் சீசன் முடிந்து வர விரும்பினார். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை என்று தனக்குச் சொல்லப்பட்டதாக அவரே பத்திரிகையாளர்களிடம் விளக்கினார். ஸ்போர்ட்டிங்குக்குச் சென்ற தொகை 1 கோடியே 10 லட்சம் யூரோ. டென் ஹாக்கையும் அவருடைய குழுவையும் அனுப்ப 1 கோடியே 4 லட்சம் பவுண்ட் செலவானதாக கிளப் கணக்கில் காட்டியது.

இனி அந்த நவம்பரில் இருந்த யுனைடெட் வீரர்களை 3-4-3-இல் நிறுத்துவோம். சென்டர்-பேக்குகள் போதுமான அளவு உண்டு: டி லிஃக்ட், மார்ட்டினஸ், மகுவயர், லிண்டலோஃப், காயத்திலிருந்து திரும்பவிருந்த யோரோ. அடுத்த வரிசைக்கு வந்தால் இடது விங்-பேக் யார்? லூக் ஷா, மலாசியா இருவரும் நீண்ட காயத்தில். ஆகவே வலது காலாளரான (வலது காலால் ஆடும்) டாலோ அங்கே போனார். இது சின்ன விஷயமாகத் தெரியும். 3-4-3-இல் ஆடுகளத்தை அகலப்படுத்த விங்-பேக்கைத் தவிர வேறு ஆளே கிடையாது. வலது காலாளர் இடது ஓரத்தில் பந்தை வாங்கினால், அதை நிறுத்தி உள்பக்கம் திரும்பித்தான் கிராஸ் போட முடியும். அந்த இரண்டு விநாடியில் எதிரணி பாக்ஸுக்குள் ஆள் நிரப்பிவிடும். ஒரு பக்கம் இப்படி அடைபட்டால் எதிரணி மொத்தமாக மறுபக்கம் சாய்ந்து நிற்கலாம்.

நடுவில் இரண்டு பேர் மட்டுமே. அந்த இருவரும் அகலம் முழுவதையும் ஓடிக் காக்க வேண்டும். கசமிரோவுக்கும் எரிக்சனுக்கும் அப்போது 32 வயது. உகார்டே ஓடுவார், பந்தை முன்னோக்கி அனுப்புவதில் தடுமாறுவார். புரூனோவை அங்கே இறக்கினால், அணியின் சிறந்த கடைசி பாஸ் கோல் பக்கத்திலிருந்து 20 மீட்டர் பின்னால் போய்விடும். ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, ஆன்டனி மூவரும் கோட்டோர விங்கர்கள். இந்த வடிவத்தில் அவர்களுக்கு இயல்பான இடமே இல்லை. ஜனவரிச் சந்தையில் ராஷ்ஃபோர்டும் ஆன்டனியும் கடனாக வெளியே போகும் நிலை வந்தது, கர்னாச்சோ அடுத்த கோடையில் விற்கப்பட்டார். இடது விங்-பேக்குக்கு டோர்கு அதே சந்தையில் வாங்கப்பட்டார்.

அடுத்தது நேரம். சர்வதேச இடைவேளையில் வருகிறார், பத்து நாள் பயிற்சி கிடைக்கும் என்று அப்போது பலர் கணக்குப் போட்டார்கள். பெரிய கிளப்பில் அந்த இடைவேளை பயிற்சியாளருக்குக் கிடைப்பதே இல்லை, முதல் அணியில் பெரும்பாலோர் தங்கள் நாட்டு அணிகளுக்குப் போய்விடுவார்கள். நவம்பர் 24 அன்று இப்ஸ்விச்சுடன் முதல் ஆட்டம். அன்றிலிருந்து டிசம்பர் 30 வரை 37 நாளில் 11 ஆட்டம். ஆட்டத்துக்கு மறுநாள் ஆடியவர்களுக்கு ஓய்வும் மசாஜும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் லேசான ஓட்டமும் செட்-பீஸும் (ஃப்ரீ-கிக், கார்னர் பயிற்சி). மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்றால் இடையில் முழு வேகப் பயிற்சிக்கு நாளே மிஞ்சாது. புதிய முறையை வீடியோவிலும் வெள்ளைப் பலகையிலும்தான் சொல்லிக் கொடுக்க முடியும்.

டென் ஹாக் 9 லீக் ஆட்டத்தில் 11 புள்ளி எடுத்திருந்தார். வான் நிஸ்டல்ரூய் 2 லீக் ஆட்டத்தில் 4. அமோரிம் 27 ஆட்டத்தில் 27. மொத்தம் 42 புள்ளி, 15-ஆம் இடம். 1973-74-இல் கீழ் லீக்குக்குத் தரமிறங்கிய பிறகு அந்த கிளப்பின் மிக மோசமான லீக் சீசன். பில்பாவோவில் நடந்த யூரோபா லீக் இறுதிப் போட்டியிலும் டாட்டன்ஹாமிடம் 0-1 தோல்வி. அடுத்த கோடையில் குன்யா, எம்பூமோ, செஷ்கோ என்று முன்வரிசைக்கு மட்டும் ஏறக்குறைய 20 கோடி பவுண்ட் ஆனது. 1 கோடியே 10 லட்சம் யூரோவுக்குப் பயிற்சியாளரை வாங்கியதாக நினைத்தவர்கள் உண்மையில் கொடுத்த விலை அது.

டென் ஹாக்கை வைத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்கலாம். அந்த ஒன்பது ஆட்டத்தில் அணி அடித்தது 8 கோல், ஆனால் உருவாக்கிய வாய்ப்புகளின் எக்ஸ்ஜி கணக்கு (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடு) அதைவிட நன்றாகவே மேலே இருந்தது. வெஸ்ட் ஹாமுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் டாலோ காலி வலைக்கு முன்னால் பந்தை மேலே அடித்தார். ஓரளவு மேலே வந்திருப்பார்கள் என்பதே என் கணிப்பு. ஆனால் நீண்ட நாளைக்கு அவர் சரியான ஆள் என்று நான் சொல்ல மாட்டேன். மே மாதமே அனுப்பியிருக்க வேண்டும். அதைத் தவறவிட்ட பிறகு, அடுத்த மே வரை இடைக்காலப் பயிற்சியாளரோடு ஓட்டியிருப்பதே குறைந்த சேதம்.

இடைக்காலப் பயிற்சியாளர்: எதற்கு நல்லது, எங்கே ஏமாற்றும்

வான் நிஸ்டல்ரூய் நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி, ஒரு டிரா. அதில் இரண்டு வெற்றி லெஸ்டருக்கு எதிராக. அதே மாதக் கடைசியில் லெஸ்டர் அவரையே வேலைக்கு எடுத்தது. ஸ்டீவ் கூப்பர் 12 ஆட்டத்தில் 10 புள்ளியோடு 16-ஆம் இடத்தில் விட்டுப்போன அணி, சீசன் முடிவில் 25 புள்ளியோடு தரமிறங்கியது. நான்கு ஆட்டத்தைப் பார்த்து ஒருவரை எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை.

பயிற்சியாளரை அனுப்பியதும் ஏன் முடிவுகள் மேலேறுகின்றன? பெரும்பாலும், ஏற்கெனவே ஏறவிருந்ததால். கிளப்கள் பயிற்சியாளரை அனுப்புவது துரதிர்ஷ்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில்: வாய்ப்புகள் கோலாகவில்லை, எதிரணியின் எல்லா ஷாட்டும் உள்ளே போகிறது, முக்கியமான இருவர் காயம். இது தானாகவே சராசரிக்குத் திரும்பும். டச்சுப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு லீக் முடிவுகளை எடுத்து, பயிற்சியாளரை அனுப்பிய கிளப்களையும், அதே அளவு சரிந்தும் அனுப்பாத கிளப்களையும் ஒப்பிட்டார். இரு பக்கமும் மீண்டன. அனுப்பியதால் தனியாக லாபம் தெரியவில்லை.

சோல்ஷயர் விஷயத்தில் யுனைடெட் இந்தக் குழியில்தான் விழுந்தது. 2018 டிசம்பரில் இடைக்காலமாக வந்து முதல் 19 ஆட்டத்தில் 14 வெற்றி. 2019 மார்ச் 28 அன்று நிரந்தரமாக்கினார்கள். மிச்சமிருந்த 10 ஆட்டத்தில் வென்றது இரண்டுதான். இடைக்காலம் என்று சொல்லி வைத்தவரை மே மாதம் வரை இடைக்காலமாகவே வைத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. செல்சி 2012-இல் ரொபர்ட்டோ டி மட்டியோவை அப்படித்தான் வைத்திருந்தது. சாம்பியன்ஸ் லீக்கை வென்ற பிறகு நிரந்தரமாக்கி, அதே நவம்பரில் அனுப்பியது.

தரமிறக்கத்திலிருந்து காப்பாற்றக் கடைசி நேரத்தில் அழைக்கப்படும் தீயணைப்பு ஆட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு வேலை செய்ய ஆட்டங்கள் வேண்டும். சாம் அல்லார்டைஸை லீட்ஸ் 2023 மே மாதம் நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அழைத்தது. ஒரு டிரா, மூன்று தோல்வி, தரமிறக்கம். பத்து ஆட்டமாவது கையில் இல்லாவிட்டால் அந்தச் செலவு வீண்.

சீசன் நடுவில் மாற்றி வென்றவர்களும் உண்டு

மூன்று சென்டர்-பேக் முறையே இங்கிலாந்தில் எடுபடாது என்று யாராவது சொன்னால் தாமஸ் டூகலைக் காட்டுங்கள். 2021 ஜனவரி 25 அன்று பயிற்சியாளர் லம்பார்டை செல்சி அனுப்பியபோது அணி ஒன்பதாம் இடத்தில் இருந்தது. டூகல் வந்து ஒரே ஒரு பயிற்சிக்குப் பிறகு, முதல் ஆட்டத்திலேயே மூன்று சென்டர்-பேக். ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. மே 29 அன்று சாம்பியன்ஸ் லீக். எப்படி முடிந்தது? பட்டியலைப் பாருங்கள்: சில்வா, ரூடிகர், கிறிஸ்டென்சன், மூன்றில் ஒருவராக அருமையாகப் பொருந்திய அஸ்பிலிக்குவேட்டா. இடது ஓரத்தில் இடது காலாளர்களான சில்வெல்லும் மார்கோஸ் அலோன்சோவும், வலதில் ரீஸ் ஜேம்ஸ். நடுவில் கான்டே, ஜார்ஜினோ, கோவசிச். மவுண்ட், ஹாவர்ட்ஸ், வெர்னர் மூவரும் உள்பக்கமாக ஆடக்கூடியவர்கள். பதினொரு இடத்தில் ஒன்றுகூட ஒட்டுப்போட்டதில்லை. யுனைடெடின் 2024 பட்டியலை இதன் பக்கத்தில் வைத்தால் விடை தெரிந்துவிடும்.

ஆஸ்டன் வில்லா 2022 அக்டோபரில் ஜெரார்டை அனுப்பிவிட்டு வில்லாரியலிலிருந்து உனாய் எமரியை எடுத்தது. அணி 16-ஆம் இடத்திலிருந்து ஏழாம் இடத்தில் முடித்தது. அங்கே காலண்டரும் உதவியது: கத்தார் உலகக் கோப்பைக்காக நவம்பர் நடுவிலிருந்து ஆறு வாரம் லீக் நின்றது, வில்லா வீரர்களில் பெரும்பாலோர் உலகக் கோப்பைக்குப் போகாமல் அவரோடு பயிற்சியில் இருந்தார்கள். அப்படியொரு ஜன்னல் சாதாரண சீசனில் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்துக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட். பயிற்சியாளர் நூனோவின் கீழ் 2024-25-இல் 65 புள்ளி, ஏழாம் இடம். பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டு, பாக்ஸ் விளிம்பில் மிலென்கோவிச்சும் முரிலோவும் பந்துகளை அகற்ற, கிடைத்ததை வேகமாக முன்னே அனுப்பி கிறிஸ் வுட் 20 கோல் அடித்த அணி. 2025 செப்டம்பரில் நூனோவை அனுப்பிவிட்டு எடுத்தது ஆஞ்ச் போஸ்டகோக்ளுவை. டிஃபென்ஸை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்துபவர். டாட்டன்ஹாமுக்கு அவர் அப்போதுதான் யூரோபா லீக் வென்று கொடுத்திருந்தார், ஆகவே கோப்பைக் கணக்கில் அவருக்குக் குறையில்லை. பெனால்டி பாக்ஸைக் காத்துப் பழகிய சென்டர்-பேக்குகளை முதுகுக்குப் பின்னால் 40 மீட்டர் வெற்றிடத்தோடு நிறுத்தினார். எட்டு ஆட்டம், வெற்றி இல்லை, 39 நாள். அடுத்து வந்த ஷான் டைச் பழைய ஆழமான டிஃபென்ஸுக்குப் பழகியவர்.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒரு பெயர் அடிபடும்போது ஒரு தாளை எடுத்து, அவர் கடைசி இரண்டு சீசனில் அதிகம் ஆடிய வடிவத்தை வரையுங்கள். பதினொரு இடத்துக்கும் இப்போதைய வீரர்களில் இரண்டிரண்டு பெயர் எழுதுங்கள். அந்த இடத்தில் கடந்த இரண்டு ஆண்டில் பத்து ஆட்டமாவது தொடக்கத்திலிருந்து ஆடியவர் என்றால் மட்டும் நேரடிப் பெயர், இல்லாவிட்டால் சுற்றி வட்டம். முதல் பதினொருவரில் வட்டம் மூன்றைத் தாண்டினால் சீசன் நடுவில் அவரை எடுக்கக் கூடாது என்பது என் அளவுகோல். கோடை என்றால் ஐந்து வரை தாங்கும், ஏனென்றால் இரண்டு மூன்று பேரை வாங்கலாம், ஆறு வாரம் பயிற்சி இருக்கிறது. நீண்ட காயத்தில் இருப்பவர்களை எழுதாதீர்கள், யுனைடெடின் இடது ஓரம் அப்படித்தான் காகிதத்தில் சரியாகத் தெரிந்தது.

தாளின் பின்பக்கம், எந்த இடத்திலும் வராத வீரர்களின் பெயர்களை ஒப்பந்த ஆண்டோடு எழுதுங்கள். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து சந்தை விலை இறங்கும், வாங்க வருகிறவர்களுக்கு நம் அவசரம் தெரியும். பயிற்சியாளர் மாற்றத்தில் வெளியே தெரியாமல் பணம் ஒழுகும் இடம் இதுதான்.

இப்போதைய பயிற்சியாளரை அளக்க கடைசி 10 முதல் 15 லீக் ஆட்டத்தின் எக்ஸ்ஜி வித்தியாசத்தைப் பாருங்கள், பெனால்டி தவிர்த்து. ஒரு பெனால்டிக்கே ஏறக்குறைய 0.78 ஏறிவிடும், இரண்டு மூன்று பெனால்டி கணக்கையே புரட்டிப்போடும். புள்ளி மோசம், எக்ஸ்ஜி சமநிலையில் என்றால் பொறுக்கலாம். இரண்டும் ஐந்து ஆட்டத்துக்கு ஐந்து ஆட்டம் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. வரப்போகிறவரின் அழுத்தும் பாணிக்கு பிபிடிஏ உதவும்: எதிரணிக்கு அவர்கள் பக்கத்து 60 சதவீதக் களத்தில் எத்தனை பாஸ் விட்டுக்கொடுத்து ஒரு தடுப்பு நடக்கிறது என்ற எண். எட்டு ஒன்பது என்றால் கடுமையாக அழுத்துகிறார்கள், பதினைந்து என்றால் பின்வாங்கிக் காத்திருக்கிறார்கள். பழையவருக்கும் புதியவருக்கும் இந்த எண்ணில் பெரிய இடைவெளி இருந்தால் முதல் இரண்டு மாதம் தொடைப் பின்தசைக் காயங்களை எதிர்பார்க்கலாம். ஓட்டத்தின் அளவு மட்டுமல்ல, முழு வேக ஓட்டங்களின் எண்ணிக்கையும் மாறுகிறது.

பந்தய விகிதத்தில் ஒருவர் முன்னால் வந்துவிட்டார் என்பது செய்தி அல்ல. அடுத்த பயிற்சியாளர் சந்தை மிகச் சிறியது, கொஞ்சம் பணம் விழுந்தாலே விகிதம் சரியும். பெயர் அடிபடுவதால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும். தன் கிளப்பில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் இருப்பவரின் பெயர் எல்லா காலியிடத்திலும் வரும். ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை இருக்கிறதா, அது எந்தத் தேதியிலிருந்து செல்லும், எத்தனை நாள் நோட்டீஸ் என்பவை உறுதியான செய்தியாக வந்தால்தான் பேச்சு நிஜம். இங்கிலாந்தில் 2025-26 வரை மூன்று ஆண்டுக்கு 10.5 கோடி பவுண்ட் என்ற நஷ்ட வரம்பு இருந்தது, பயிற்சியாளர் இழப்பீடும் அதற்குள்தான் அடங்கியது. ஆண்டுக்கொருவரை மாற்றும் கிளப் ஒரு நல்ல டிஃபென்டரின் விலையை இப்படியே தொலைக்கிறது.

பொருத்தம் ஒரு சீசனோடு முடிவதில்லை

லிவர்பூலின் இரண்டாம் ஆண்டையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்த ஒப்பீடு அரைகுறை. 2025 கோடையில் அலெக்சாண்டர்-ஆர்னால்டும் டியாஸும் போனார்கள், ஜோட்டா விபத்தில் இறந்தார். விர்ட்ஸ், இசாக், எகிடிகே, கெர்க்கெஸ், ஃபிரிம்போங் வந்தார்கள், செலவு 40 கோடி பவுண்டைத் தாண்டியது. பட்டம் வென்ற அதே ஸ்லாட்டின் கீழ் அந்த இலையுதிர் காலத்தில் 12 ஆட்டத்தில் 9 தோல்வி. உடனே அடுத்த பயிற்சியாளர் பேச்சும் தொடங்கியது. முந்தைய ஆண்டு அவருக்குக் கைகொடுத்தது மாறாத பதினொருவர். அதில் பாதியை ஒரே கோடையில் மாற்றினால், புதிதாகப் பயிற்சியாளரை எடுத்த கிளப்பின் சிரமங்கள் பழைய பயிற்சியாளருக்கும் வரும். தோழரை இழந்த துக்கத்தோடு ஆடிய அணி என்பதையும் மறக்கக் கூடாது.

பிரைட்டன் இதைச் சரியாகக் கையாள்கிறது. 2022 செப்டம்பரில் அதன் பயிற்சியாளர் பாட்டரை செல்சி தூக்கிக்கொண்டு போனதும் பத்து நாளில் டி செர்பியை அறிவித்தது, அந்த சீசனில் ஆறாம் இடம். வீரர்களைத் தேர்ந்தெடுப்பது கிளப், பயிற்சியாளர் அல்ல. ஆகவே அடுத்தவரும் அதே வீரர்களுக்குப் பொருந்துகிறவராகவே தேடப்படுகிறார்.

ஆகவே என் முடிவுகள் மாதத்தைப் பொறுத்தவை. மே, ஜூனில் மாற்றுவதென்றால் வட்டம் குறைவாக விழும் ஆளை எடுங்கள், பெயர் இரண்டாம் பட்சம். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, கோடையில் நம்பி வீரர்களை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரை, எக்ஸ்ஜியும் கீழே போனாலொழிய அனுப்பாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதே வடிவத்தில் ஆடுகிறவரோ உள்ளிருக்கும் இடைக்காலப் பயிற்சியாளரோதான். மார்ச்சுக்குப் பிறகு தரமிறக்க ஆபத்து இல்லாத கிளப் யாரையும் வாங்கத் தேவையில்லை.

நியமன அறிவிப்பு வந்ததும் அதில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஒன்று, கூட வருகிறவர்கள் யார். அமோரிம் ஐந்து பேரை லிஸ்பனிலிருந்து கூட்டிவந்தார். ஸ்லாட் சிலரை மட்டும் அழைத்துவந்தார். இரண்டு, பதவிப் பெயர். ஸ்லாட், அமோரிம் இருவரும் ஹெட் கோச் என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்கள், வீரர் வாங்கலில் கடைசி வார்த்தை ஸ்போர்ட்டிங் டைரக்டருக்கு. தான் மேனேஜராக வந்தவன், வெறும் கோச்சாக அல்ல என்று 2026 ஜனவரித் தொடக்கத்தில் லீட்ஸ் ஆட்டத்துக்குப் பிறகு அமோரிம் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் யுனைடெட் அவரை அனுப்பியது.